வீடு நம்மளது, மண் கோயிலோடது: அடிமனை லீஸ் முடியப்போகுதா? தெரிஞ்சுக்க வேண்டியவை

வீட்டு வரி ரசீது நம்ம பேர்ல, கரண்ட் பில் நம்ம பேர்ல, குடிநீர் இணைப்பும் நம்ம பேர்ல. ஆனால், வீடு நிற்கிற மண் மட்டும் நம்ம பேர்ல இல்லை. கோயிலைச் சுற்றி வளர்ந்த தமிழ்நாட்டு ஊர்கள் பலவற்றிலும் இப்படியான வீடுகளும் கடைகளும் உண்டு. காசி விஸ்வநாதர் கோபுரத்தைச் சுற்றி விரிந்த தென்காசியும், குற்றாலநாதர் கோயிலும் மெயின் அருவியும் அடுத்தடுத்து இருக்கிற குற்றாலமும் அப்படிக் கோயிலை மையமாக வைத்து வளர்ந்த ஊர்கள்தான்.

தாத்தா காலத்தில் கோயில் மனையை வாடகைக்கு எடுத்து, சொந்தச் செலவில் வீடு கட்டியிருப்பார். மாதா மாதம் சின்னத் தொகை கட்டி ரசீது வாங்கியிருப்பார். இன்றைக்குப் பேரன் அந்த வீட்டை மாற்றிக் கட்டவோ, விற்கவோ, கடன் வாங்கவோ கிளம்பும்போதுதான் கேள்வி வருகிறது. லீஸ் இன்னும் உயிரோட இருக்கா? இல்லைன்னா நீட்டிக்க முடியுமா?

முதல்ல, இது எந்த லீஸ்?

நம்ம ஊரில் 'லீஸ்' என்ற ஒரே சொல் மூன்று வேறு ஏற்பாடுகளுக்குப் பயன்படுகிறது. மூன்றுக்கும் சட்டம் வேறு.

ஒன்று, ஒத்தி. மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு, மாத வாடகை இல்லாமல் குடியிருப்பது. காலம் முடிந்ததும் பணம் திரும்ப வரும். சென்னைப் பக்கம் 'வீடு லீஸுக்கு' என்று சொல்வதும், தென் மாவட்டங்களில் 'ஒத்திக்கு' என்று சொல்வதும் பெரும்பாலும் இதைத்தான்.

இரண்டு, சாதாரண வாடகை. 11 மாத அக்ரிமென்ட் போட்டுத் தனியார் வீட்டில் குடியிருப்பது.

மூன்று, அடிமனை. நிலம் ஒருவருடையது. அதன் மேல் கட்டடம் கட்டியவர் இன்னொருவர். நிலத்துக்கு மட்டும் வாடகை. இந்தக் கட்டுரை பேசுவது இதைப் பற்றி, அதிலும் குறிப்பாக நிலம் கோயிலுக்குச் சொந்தமாக இருக்கும்போது என்ன ஆகும் என்பதைப் பற்றி.

நீட்டிக்கச் சொல்லி உரிமையாகக் கேட்க முடியுமா?

முடியாது. அடிமனைக்காரர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான். நீட்டிப்பைக் கேட்கலாம், 'கொடுத்தே ஆகணும்' என்று வாதிட முடியாது.

வேறு நாடுகளில் நிலைமை வேறு. இங்கிலாந்தில் அடுக்குமாடி வீடுகள் பலவும் லீஸ் அடிப்படையில்தான் விற்கப்படுகின்றன. அங்கே 1993-ம் ஆண்டுச் சட்டம், தகுதியுள்ள வீட்டுக்காரருக்கு 90 ஆண்டுகள் கூடுதலாகக் கேட்டு வாங்கும் உரிமையைக் கொடுத்தது. விலை உண்டு. ஆனால், நில உரிமையாளர் 'தர மாட்டேன்' என்று ஒரேயடியாகக் கதவைச் சாத்த முடியாது. லீஸில் மீதி 80 ஆண்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் நீட்டிப்புச் செலவு எகிறும் என்பதால், அங்கே எல்லோரும் அந்த 80-ஐக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். 2024-ல் நிறைவேறிய புதிய சட்டம் இந்த நீட்டிப்பை 990 ஆண்டுகள் வரை கொண்டுபோக வழி செய்கிறது.

சிங்கப்பூர் இதற்கு நேர் எதிர். அங்குள்ள அரசு அடுக்குமாடி வீடுகள் 99 ஆண்டு லீஸில் தரப்படுகின்றன. காலம் முடிந்தால் வீடு அரசுக்குத் திரும்பும். கேலாங் லோரோங் 3 பகுதியில் 60 ஆண்டு லீஸில் இருந்த 191 தனியார் வரிசை வீடுகள், 2020 டிசம்பர் 31-ம் தேதி லீஸ் முடிந்ததும் இழப்பீடு இல்லாமல் அரசிடம் போய்ச் சேர்ந்தன.

நம்ம ஊர்க் கோயில் அடிமனை, சிங்கப்பூர் நிலைமைக்குத்தான் நெருக்கம்.

ஆனா, கட்டடம் கட்டியவருக்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்குமே?

இருந்தது. 1921-ம் ஆண்டின் நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம், அடிமனையில் சொந்தமாகக் கட்டடம் எழுப்பியவருக்கு இரண்டு வாய்ப்புகளைத் தந்தது. வெளியேற்றினால் கட்டடத்துக்கு இழப்பீடு பெறலாம். அல்லது, அந்த மனையைத் தனக்கே விற்கும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம்.

தனியார் நிலத்தில் கட்டியவர்களுக்கு, அந்தச் சட்டம் செல்லும் ஊர்களில், இது பெரிய கவசம். ஆனால், 1996-ல் நடைமுறைக்கு வந்த திருத்தம் கோயில் உள்ளிட்ட சமய நிறுவனங்களின் நிலங்களை இதிலிருந்து விலக்கிவிட்டது. இதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயின. மயிலாப்பூர் கிளப் வழக்கில் 2005-ல் வந்த தீர்ப்பு, 'திருத்தம் செல்லும்' என்று சொல்லிவிட்டது.

ஆக, 'நாங்க அம்பது வருஷமா இங்க இருக்கோம், எங்களுக்கே வித்துடுங்க' என்ற வாதம் கோயில் நிலத்தில் எடுபடாது.

கட்டடத்தின் கதி? 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் பிரிவு 108, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதப்படாத வரை, குத்தகைதாரர் தான் கட்டியதைப் பிரித்து எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. ஓலைக் கொட்டகைக்கு அது சரி. கான்கிரீட் வீட்டைப் பிரித்து எங்கே கொண்டுபோவது? அதனால்தான் லீஸ் பத்திரத்தில் கட்டடம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பது அவ்வளவு முக்கியம். 'காலம் முடிந்ததும் கட்டடம் கோயிலைச் சேரும்' என்று ஒரு வரி இருந்தால் கதையே மாறிவிடும்.

நீட்டிப்பு கொடுக்கும் அதிகாரம் யாருக்கு?

தமிழ்நாடு இந்து சமய அறநிலையங்கள் மற்றும் அறக்கொடைகள் சட்டம், 1959. இதன் 34-வது பிரிவை ஒருமுறை படித்தால் பாதிக் குழப்பம் தீரும். கோயில் சொத்தை விற்பது, அடமானம் வைப்பது, பரிமாற்றம் செய்வது, 5 ஆண்டுகளுக்கு மேல் குத்தகைக்கு விடுவது ஆகிய எதற்கும் அறநிலையத் துறை ஆணையரின் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாவிட்டால் அந்த ஆவணம் செல்லாது.

ஆணையரும் நினைத்தபடி அனுமதிக்க முடியாது. அது கோயிலுக்கு அவசியமானது அல்லது நன்மை தருவது என்று காட்டப்பட வேண்டும். விவரங்களை வெளியிட்டு, ஆட்சேபம் இருந்தால் சொல்லும்படி பொதுமக்களைக் கேட்ட பிறகே உத்தரவு வரும். குடியிருப்பவரின் கஷ்டம் மட்டும் அங்கே போதுமான காரணம் இல்லை. கோயிலுக்கு என்ன லாபம் என்பதும் மனுவில் இருக்க வேண்டும்.

அதாவது, கோயில் செயல் அலுவலரோ அறங்காவலரோ கையெழுத்துப் போட்டுக் கொடுத்த '30 வருஷ லீஸ்' பத்திரம் கையில் இருந்தாலும், பின்னால் ஆணையரின் அனுமதி இல்லையென்றால் அது வெறும் காகிதம்தான்.

அனுமதி கிடைத்த பிறகு பதிவும் கட்டாயம். ஓர் ஆண்டுக்கு மேற்பட்ட எந்தக் குத்தகையும் பதிவு செய்யப்பட வேண்டும் என்பது பதிவுச் சட்டத்தின் விதி. தமிழ்நாட்டில் 30 ஆண்டுக்குக் குறைவான குத்தகைக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம். 99 ஆண்டு வரை என்றால் 4 சதவீதம். இது தவிர பதிவுக் கட்டணம் தனி.

வாடகை திடீர்னு எகிறுதே, எப்படி?

லீஸ் புதுப்பிப்பில் அதிகம் சண்டை வருவது இங்கேதான். சட்டத்தின் 34-ஏ பிரிவுப்படி, வாடகையை நிர்ணயிக்க ஒரு குழு உண்டு. துறையின் இணை ஆணையர், கோயில் தரப்பில் செயல் அலுவலர் அல்லது அறங்காவலர், பதிவுத் துறையின் மாவட்டப் பதிவாளர் ஆகியோர் அதில் இருப்பார்கள். அதே பகுதியில் அதே மாதிரி சொத்துக்கு என்ன வாடகை ஓடுகிறது என்பதைப் பார்த்துத் தொகை முடிவாகும். பிறகு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மறுநிர்ணயம்.

15 சதவீத உயர்வு என்ற கணக்கில் பார்த்தால், இன்று 1,000 ரூபாய் வாடகை மூன்று ஆண்டில் 1,150, ஆறு ஆண்டில் 1,322, ஒன்பது ஆண்டில் சுமார் 1,521 ஆகும். இது சமாளிக்கக்கூடியதுதான். சிக்கல் வருவது, பல ஆண்டுகள் மறுநிர்ணயமே நடக்காமல் இருந்துவிட்டு, திடீரென்று சந்தை மதிப்புக்கு உயர்த்தி, முன்தேதியிட்டுக் கேட்கும்போது. ஓர் உதாரணத்துக்கு, 1,000 ரூபாயாக இருந்த வாடகையை 4,000 ஆக்கி, மூன்று ஆண்டுக்கு முன்பிருந்தே கணக்குப் போட்டால், பாக்கி மட்டும் 1,08,000 ரூபாய்.

தொகை நியாயமில்லை என்று தோன்றினால்? உத்தரவு கைக்குக் கிடைத்த 30 நாளுக்குள் ஆணையரிடம் மேல்முறையீடு செய்யலாம். அங்கேயும் சாதகமாக வராவிட்டால், 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனு போடலாம். ஆனால், ஒரு நிபந்தனை உண்டு. புதிதாக நிர்ணயித்த வாடகையைக் கோயில் கணக்கில் கட்டிய சான்றைக் காட்டினால்தான் மனுவையே எடுத்துக்கொள்வார்கள். 'கேஸ் முடியட்டும், அப்புறம் கட்டுறேன்' என்பது இங்கே நடக்காது. கட்டிய பணம் பின்னால் வாடகையில் கழிக்கப்படும்.

வாடகைப் பாக்கி எவ்வளவு ஆபத்தானது என்பதற்குச் சென்னையில் பெரிய உதாரணம் உண்டு. கிண்டியில் 160 ஏக்கர் அரசு நிலம் மெட்ராஸ் ரேஸ் கிளப்புக்கு 1946-ல் 99 ஆண்டு குத்தகைக்கு விடப்பட்டிருந்தது. 730 கோடி ரூபாய்க்கு மேல் வாடகைப் பாக்கி என்ற வழக்குக்குப் பிறகு, 2024 செப்டம்பரில் அரசு அந்தக் குத்தகையை ரத்து செய்தது. காலம் முடிய இன்னும் சுமார் 20 ஆண்டுகள் பாக்கி இருந்தன.

லீஸ் முடிஞ்சும் ரசீது போடுறாங்களே, அது போதாதா?

போதாது. பலர் ஏமாறும் இடம் இது. லீஸ் காலம் முடிந்த பிறகும் பணத்தை வாங்கிக்கொண்டு ரசீது தந்தால், லீஸ் தானாக நீண்டுவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். தனியார் நிலத்தில், உரிமையாளர் சம்மதத்தோடு வாடகை வாங்கினால் மாத வாடகையாகத் தொடர்வதாக வாதிட இடம் உண்டு. அதிலும் 10 ஆண்டு லீஸ் இன்னொரு 10 ஆண்டாக மாறிவிடாது.

கோயில் நிலத்தில் நிலைமை இன்னும் கடுமை. சட்டத்தின் 78-வது பிரிவு, லீஸ் முடிந்த பிறகும் ரத்தான பிறகும் அந்த இடத்திலேயே தொடர்பவரை 'ஆக்கிரமிப்பாளர்' என்ற விளக்கத்துக்குள் கொண்டுவருகிறது. மூன்று தலைமுறையாக வாடகை கட்டியவரும், நேற்று ராத்திரி வேலி போட்டவரும் ஒரே சொல்லுக்குள் வந்துவிடுவார்கள். இணை ஆணையர் நோட்டீஸ் அனுப்பி, விளக்கம் கேட்டு, வெளியேற்ற உத்தரவு போடலாம்.

கையில் இருக்கும் ரசீதை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அதில் 'வாடகை' என்று இருக்கிறதா, 'பயன்பாட்டுக்கான தொகை', 'இழப்பீடு' என்பதுபோல வேறு ஏதாவது எழுதியிருக்கிறதா? இரண்டாவது என்றால், உங்களைக் கோயில் வாடகைதாரராகக் கருதவில்லை என்று அர்த்தமாகலாம்.

வீட்டை விற்கலாமா? பிள்ளைகள் பேருக்கு மாத்தலாமா?

பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு, கோயில் நிலத்தை உரிய அனுமதி இல்லாமல் விற்கும், தானம் கொடுக்கும், அடமானம் வைக்கும், குத்தகைக்கு விடும் பத்திரங்களைப் பதிவு செய்யக் கூடாது என்கிறது. அதனால் 'மேல்கட்டடத்தை மட்டும் விக்கிறோம்' என்று ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக் கைமாற்றும் பழக்கம் பல ஊர்களில் உண்டு. வாங்குபவருக்கு அதில் கிடைப்பது செங்கல்லும் ஜன்னலும்தான். கோயில் அவரை வாடகைதாரராக ஏற்காத வரை, அவர் அந்த மண்ணில் நிற்கவே அனுமதி இல்லாதவர். நிலம் கோயிலுடையது என்பதால் வீட்டுக் கடன் கிடைப்பதும் குதிரைக்கொம்பு.

வாரிசுகளின் நிலை கொஞ்சம் பரவாயில்லை. வாடகைதாரர் இறந்தால், வாரிசுச் சான்றிதழோடு பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால், பலர் இதைச் செய்வதே இல்லை. அப்பா பேரிலேயே ரசீது ஓடிக்கொண்டிருக்கும். 20 ஆண்டு கழித்து லீஸை நீட்டிக்கப் போகும்போது, 'உங்களுக்கும் கோயிலுக்கும் என்ன சம்பந்தம்?' என்ற கேள்விக்குப் பதில் இருக்காது.

உள்வாடகைக்கு இருப்பவர்கள் நிலை இன்னும் பலவீனம். லீஸ் யார் பேரில் இருக்கிறதோ அவருடைய உரிமை முடிந்தால், அவருக்குக் கீழே இருப்பவரின் உரிமையும் முடிந்தது. இதற்கும் பக்கத்து மாவட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம், 1929-ல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து பம்பாய் பர்மா நிறுவனம் 99 ஆண்டு குத்தகைக்கு எடுத்த சுமார் 8,374 ஏக்கர். குத்தகை 2028 பிப்ரவரியில் முடிகிறது. அதற்கு முன்பே 2024-ல் நிறுவனம் விருப்ப ஓய்வு அறிவித்துத் தொழிலாளர்களைக் குடியிருப்பிலிருந்து வெளியேறச் சொன்னது. நான்கைந்து தலைமுறையாக வாழ்ந்தும் குத்தகைப் பத்திரத்தில் தொழிலாளர்களுக்கு இடமில்லை. தோட்டத்தை அரசே எடுத்து நடத்த வேண்டும் என்று கேட்ட மனுக்களை 2024 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

குற்றாலத்து சீசன் கடைக்கும் இதே சட்டமா?

சாரல் காலத்துக்கு மட்டும் ஏலத்தில் எடுக்கிற கடை என்றால், அது பெரும்பாலும் லீஸே இல்லை, உரிமம். அதாவது, குறிப்பிட்ட காலத்துக்கு அந்த இடத்தைப் பயன்படுத்த அனுமதி. இடத்தின் மேல் எந்த உரிமையும் வராது, இன்னொருவருக்கு மாற்றிக்கொடுக்கவும் முடியாது. காலம் முடிந்தால் அடுத்த ஏலம்தான். 'போன வருஷமும் நான்தான் எடுத்தேன்' என்பது முன்னுரிமை ஆகாது. சிப்ஸ் கடையோ, எண்ணெய்க் கடையோ, கையெழுத்துப் போடும் காகிதத்தில் 'உரிமம்' என்று இருக்கிறதா, 'குத்தகை' என்று இருக்கிறதா என்பதை முதலில் பார்த்துவிட்டு முதல் போடுவது நல்லது.

புது ஃப்ளாட் வாங்குறவங்க எதைப் பார்க்கணும்?

தமிழ்நாட்டில் அடுக்குமாடி வீடு வாங்கும்போது, நிலத்தில் ஒரு பிரிக்கப்படாத பாகமும் சேர்த்து எழுதித் தரப்படும். யுடிஎஸ் என்று சொல்வார்களே, அதுதான். அந்தப் பாகம் இருக்கும் வரை லீஸ் கவலை இல்லை. ஆனால், நிலமே கோயிலுடையது என்று பின்னால் தெரியவந்தால் அந்தப் பாகமும் செல்லாது. முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் பட்டா, அ-பதிவேடு, வில்லங்கச் சான்று மூன்றையும் பாருங்கள். அறநிலையத் துறையின் இணையதளத்தில் கோயில்வாரியாக நில விவரங்கள் வெளியிடப்பட்டிருக்கின்றன. அங்கே அந்த சர்வே எண் இருக்கிறதா என்று தேடுங்கள். துறை நில அளவை செய்த இடங்களில் 'எச்.ஆர்.சி.இ' என்று பொறித்த கல் நட்டிருக்கும். மனையைப் பார்க்கப் போகும்போது அதையும் கவனிக்கலாம்.

சட்டம் ஏன் இவ்வளவு கடுமை?

கோயில் நிலம், விளக்கெரிக்கவும் பூஜை நடக்கவும் திருவிழா நடத்தவும் யாரோ எழுதிவைத்த சொத்து. சட்டப்படி அதன் சொந்தக்காரர் சாமிதான். செயல் அலுவலரும் அறங்காவலரும் பாதுகாவலர்கள் மட்டுமே. நூறு ரூபாய் வாடகையில் பெரிய கடைகள் ஓடிய காலத்தில் இழப்பு கோயிலுக்குத்தான். 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் கோயில் பாதுகாப்பு பற்றி 75 உத்தரவுகளைப் பிறப்பித்தபோதும், கோயில் நிலம் கோயிலிடமே இருக்க வேண்டும் என்பதை வலியுறுத்தியது.

மறுபக்கம், இரண்டு அறை வீட்டில் இருக்கும் கூலித் தொழிலாளி குடும்பத்துக்கும் முக்கு ரோட்டுக் கடைக்காரருக்கும் ஒரே சந்தை அளவுகோலை வைத்தால் தாங்காது என்ற வாதத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால், அந்த வாதத்தைச் சொல்வதற்கான இடம் வாடகை மேல்முறையீடு. லீஸ் முடிந்து ஆக்கிரமிப்பு நோட்டீஸ் வந்த பிறகு அதைக் கேட்கும் நிலையில் யாரும் இருக்க மாட்டார்கள்.

லீஸ் முடிய ஒரு வருஷம் இருக்கும்போதே செய்ய வேண்டியவை

1. மூல லீஸ் பத்திரத்தைத் தேடி எடுங்கள். இல்லாவிட்டால், அது பதிவான பத்திரம் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கேட்கலாம். தொடங்கிய தேதி, முடியும் தேதி, புதுப்பிப்பு பற்றிய வரி, கட்டடம் பற்றிய வரி ஆகிய நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள்.

2. லீஸ் 5 ஆண்டுக்கு மேற்பட்டது என்றால், ஆணையரின் அனுமதி உத்தரவு எண் பத்திரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டுக் கேட்கலாம்.

3. ரசீது இறந்தவர் பேரில் ஓடினால், முதலில் பெயர் மாற்றம். நீட்டிப்பு மனு அதற்குப் பிறகுதான்.

4. பாக்கியை ஒரு ரூபாய் விடாமல் கட்டுங்கள். தொகையில் தகராறு இருந்தால், ஆட்சேபத்தை எழுத்தில் கொடுத்துவிட்டுக் கட்டுங்கள். வங்கி வழியாகவோ ஆன்லைனிலோ கட்டினால் சான்று நிற்கும்.

5. நீட்டிப்பு மனுவைக் கோயில் செயல் அலுவலரிடம் எழுத்து மூலம் கொடுத்து, முத்திரையிட்ட ஒப்புகை வாங்குங்கள். 'வாயால சொல்லிட்டேன், சரின்னாரு' என்பது எந்த விசாரணையிலும் நிற்காது.

6. அனுமதி இல்லாமல் மாடி எடுக்கவோ, வீட்டைக் கடையாக மாற்றவோ வேண்டாம். நிபந்தனையை மீறினால் லீஸை ரத்து செய்ய 34-பி பிரிவு வழி தருகிறது.

7. நோட்டீஸ் வந்தால் ஒதுக்கிவைக்காதீர்கள். பதில் சொல்லக் கொடுத்த தேதிக்குள் வழக்கறிஞர் மூலம் விளக்கம் போக வேண்டும்.

ஒத்தி வீட்டுக்காரருக்குப் பணம் திரும்பி வரும். வாடகை வீட்டுக்காரர் வேறு வீடு பார்த்துக்கொள்ளலாம். அடிமனைக்காரர் மட்டும்தான் தன் சேமிப்பையெல்லாம் இன்னொருவர் மண்ணின் மேல் சுவராக எழுப்பியவர். தாத்தா கட்டிய வீட்டில் இன்றும் இருப்பவர்கள், பீரோவைத் திறந்து அந்தப் பழைய பத்திரத்தில் முடியும் தேதி என்ன என்று இந்த வாரமே பார்த்துவிடுவது நல்லது.